ஈறில் கசிந்த ரத்தம்

பஞ்சாலைதான் அதை முதலில் பார்த்தாள். காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் சன்னாசி குழாயடியில் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தார். அவர் துப்பிய நுரை வெள்ளையாக இல்லை. இளஞ்சிவப்பாகச் சிமெண்டுத் தரையில் வழிந்து சாக்கடைக்குள் போனது.

“என்னங்க, ரத்தமா வருது?”

“பிரசு குத்திருச்சு போல.”

அந்த பிரசு தேய்ந்து தலைவிரித்துக் கிடந்தது. அது யாரையும் குத்தாது. ஆனாலும் பஞ்சாலை மேற்கொண்டு கேட்கவில்லை. பெடாஸ் டவுனைத் தாண்டி உள்ளே போகும் செம்மண் சாலையில் இருந்தது அவர்களுடைய ஏழாங்கட்டைத் தோட்டம். அங்கே ஈறில் ரத்தம் வருவதை யாரும் நோயென்று எண்ணியதில்லை. காய்ச்சல் என்றால் தோட்டத்து மருந்தகத்தில் இருக்கும் டிரெஸரிடம் போவார்கள். பாம்பு கடித்தால் லோரியில் ஏற்றி ரெம்பாவுக்குக் கொண்டுபோவார்கள். ஈறில் ரத்தம் என்றால் உப்புத் தண்ணீர், அவ்வளவுதான்.

சன்னாசி குலை வெட்டுகிறவர். தோட்டத்தில் ரப்பரை அழித்து எண்ணெய்க்கான செம்பனை வைத்த பிறகு அந்த வேலைக்கு வந்தவர்களில் அவருக்கு ஈடாக ஆள் இல்லை. நீளக் கம்பின் நுனியில் அரிவாளைக் கட்டி, அண்ணாந்து நின்று, மட்டையை ஓர் இழுப்பு, குலையை ஓர் இழுப்பு. மலைச் சரிவில் இருந்த உயரமான மரங்களை வேலை மேற்பார்க்கும் மண்டோர் மாயாண்டி அவருக்கென்றே ஒதுக்கி வைத்திருந்தார். வேலை முடிந்து கள்ளுக்கடையில் உட்கார்ந்து அவர் சிரித்தால் தொழிலாளர் லயத்தில் கடைசி வீடு வரைக்கும் கேட்கும். “ஒங்க வீட்டுக்காரரு சிரிச்சிட்டாருக்கா, சோத்த வடிங்க” என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் பஞ்சாலையைக் கேலி செய்வார்கள்.

முதலில் போனது சீட்டிதான். சாயங்காலம் மேய்ச்சலில் இருக்கும் மாடுகளைக் கூப்பிட, இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு சீட்டி அடிப்பார். ஆற்றுக்கு அக்கரையில் நின்றாலும் மாடுகள் தலையைத் தூக்கும். ஒருநாள் விரலை வைத்து ஊதினார், வெறும் காற்றுதான் வந்தது. முன்பற்கள் நான்கும் விலகி முன்னால் துருத்திக்கொண்டு நின்றதை அன்றைக்குத்தான் பஞ்சாலை கவனித்தாள். மறுபடி ஊதிப் பார்த்துவிட்டு, ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு மாடுகளைத் தேடி நடந்து போனார்.

அப்புறம் நாற்றம் வந்தது. அலமாரிக்குப் பின்னால் எலி செத்துக் கிடக்கிறது என்றுதான் பஞ்சாலை முதலில் நினைத்தாள். சாமான்களை எல்லாம் இழுத்துப் போட்டுத் தேடினாள், பினாயில் ஊற்றிக் கழுவினாள். பிறகு ஒருநாள் சன்னாசி குனிந்து அவள் காதருகில் ஏதோ சொன்னபோது அது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிட்டது. அவளுக்கு அழுகை வந்தது. கட்டிய புருஷனிடம் இதை எப்படிச் சொல்வது? பெண்பிள்ளை கல்யாண வயதில் நிற்கிற வீட்டில், மூச்சுப் பிடித்துக்கொண்டு அவருக்குச் சோறு போடுவதை யாரிடம் சொல்வது?

அவள் சொல்லவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்க ஆரம்பித்தாள். “இந்தப் பக்கந்தான் குளுகுளுன்னு இருக்கு” என்றாள். சன்னாசி சரி என்றார். பிறகு பேசும்போது துண்டை வாய்க்கு நேரே பிடித்துக்கொள்வது அவருக்கு வழக்கமாயிற்று. சிரிப்பு வந்தால் உதட்டை மூடி மூக்கால் சிரித்தார்.

மெல்லவும் முடியவில்லை. கீரைத் தண்டு, அவரைக்காய், கொய்யா, வறுத்த கடலை என்று ஒவ்வொன்றாகத் தள்ளி வைத்தார். பஞ்சாலை அவருக்கென்று மெத்தென்றிருப்பதாகச் சமைத்தாள். காட்டுப்பன்றி அடித்துப் பங்கு போட்டால் கொழுப்புப் பக்கமாகக் கேட்டு வாங்கி, கையால் நசுங்கும் அளவுக்கு வேகவைப்பாள். தேங்காய்ப்பால் ஊற்றிய குழம்பில் ரொட்டியை ஊறவைத்துக் கொடுப்பாள். காலையில் பசியாற அரைவேக்காட்டு முட்டையும், கெட்டியாகப் பால் ஊற்றிய தேத்தண்ணியும். அவர் சங்கடமில்லாமல் விழுங்குவதைப் பார்க்கும்போது அவளுக்கு மனசு நிறையும். நாற்றத்துக்காகத் திரும்பிப் படுத்துக்கொள்கிறவள், சோற்றிலாவது அவரைக் குறையில்லாமல் வைத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொள்வாள்.

அந்த வருஷம் மகள் தவமணிக்குக் கோலா பிலாவிலிருந்து இடம் வந்தது. மாப்பிள்ளை அங்கே லோரி ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக். பையனின் அப்பா நல்லசாமி பெரிய மனசுக்காரர், பேச்சும் பெரியது. நிச்சயத்துக்கு வந்தவர்கள் பந்தியில் உட்கார்ந்தபோது, பக்கத்தில் இருந்த சன்னாசியின் இலையில் தன் கையாலேயே ஒரு எலும்புத் துண்டை எடுத்து வைத்தார்.

“சம்பந்தி, என்ன கொழம்பையே நக்கிக்கிட்டு இருக்கீங்க? நல்லாக் கடிச்சுச் சாப்பிடுங்கலா. நாம சாப்பிடாட்டி யாரு சாப்பிடுறது?”

பஞ்சாலை குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சன்னாசியால் மறுக்க முடியவில்லை. எலும்பை வாயில் வைத்தார். கடித்தார். வாய் அப்படியே நின்றுவிட்டது. கண்கள் மட்டும் ஒருதரம் பஞ்சாலையைத் தேடின. பிறகு தண்ணீர்க் குவளையை எடுத்து மடக்கென்று குடித்தார். நல்லசாமி எதையோ சொல்லிச் சிரித்தபோது, உதட்டை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார்.

எல்லாரும் வேன் ஏறிப் போன பிறகு பின்பக்கம் விறகு அடுக்கியிருந்த இடத்தில் அவர் உட்கார்ந்திருந்தார். பஞ்சாலை போய்ப் பக்கத்தில் நின்றாள்.

“பல்லு விழுந்துருச்சு” என்றார்.

“எங்க?”

“முழுங்கிட்டேன்.”

அவளுக்குச் சட்டென்று சிரிப்பு வந்துவிட்டது. அவரும் துண்டுக்குள் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவள் அழுகிறாள் என்று அவருக்குத் தெரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

“துப்புனா அந்த மனுசங்க என்ன நெனப்பாங்க? புள்ள வாழப்போற எடம்” என்றார்.

“நாளைக்கி டிரெஸரப் பாப்போம். நீங்க மாட்டேன்னு சொல்லக் கூடாது.”

தோட்டத்து டிரெஸர் திருநாவுக்கரசு, டார்ச் அடித்து அவர் வாயைப் பார்த்துவிட்டு டார்ச்சை அணைத்தார். “இது என் கையில இல்லண்ணே. நான் மருந்து தடவி அனுப்புனா ஒங்களுக்குத் துரோகம் பண்ண மாதிரி. ரெம்பாவ்ல பல்லு டாக்டர் இருக்காங்க. எழுதித் தர்றேன், அக்காவையும் கூட்டிட்டுப் போங்க” என்றார்.

ரெம்பாவ் பல் கிளினிக்கில் இருந்தவர் ஒரு மலாய்ப் பெண் டாக்டர், பெயர் நோராய்னி. தவமணியைவிடக் கொஞ்சம் வயது கூட இருக்கும். சாய்வு நாற்காலியில் படுக்கவைத்து விளக்கை இழுத்து வைத்தார். மெல்லிய கம்பி ஒன்றை ஒவ்வொரு பல்லின் ஓரமாக ஈறுக்குள் இறக்கி ஆழம் பார்த்து, பக்கத்திலிருந்த நர்சிடம் சொல்லிக்கொண்டே போனார். கம்பி போன இடமெல்லாம் ரத்தம் கசிந்தது. பஞ்சாலை ஒரு மூலையில் நின்று டாக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் முகம் சுளிக்கவில்லை, மூக்கைப் பொத்தவில்லை. பஞ்சாலைக்கு அது ஒரு ஆறுதலாகவும் இருந்தது, தன்னை யாரோ குத்திக்காட்டியது போலவும் இருந்தது.

எல்லாம் பார்த்து முடித்த பிறகும் டாக்டர் விளக்கை அணைக்கவில்லை. சன்னாசியின் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். இமைகளின் ஓரத்தில், மூக்குப் பக்கமாக, மஞ்சளாகச் சின்னச் சின்ன மேடுகள் இருந்தன. அது அதிர்ஷ்டம் என்று லயத்துப் பெண்கள் சொல்வார்கள்.

“அங்கிள், இது எவ்வளவு காலமா இருக்கு?” என்று மலாயில் கேட்டார்.

“ரொம்ப வருசமா இருக்கு டாக்டர். எங்கப்பாவுக்கும் இருந்துச்சு.”

“அப்பா இப்ப இருக்காரா?”

“இல்ல. நான் சின்னப் பையனா இருக்கும்போதே போயிட்டாரு. ரப்பர் பால் மரம் வெட்டிக்கிட்டு இருந்தவரு அப்படியே மரத்தடியில உக்காந்தாரு. காத்து கருப்பு அடிச்சிருச்சுன்னாங்க.”

“அவர் பல்லு எப்படி இருந்துச்சு?”

சன்னாசி யோசித்தார். “பல்லே இல்ல டாக்டர்” என்றார்.

டாக்டர் நோராய்னி ரத்தம் எடுக்கச் சொல்லிச் சீட்டு எழுதினார். பல்லுக்கு எதற்கு ரத்தம் என்று பஞ்சாலை கேட்டாள். ஈறு இவ்வளவு கெட்டிருந்தால் சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், கண்ணில் இருப்பதைப் பார்த்தால் கொழுப்பும் பார்க்க வேண்டும் என்றார்.

சர்க்கரை இல்லை. கொலஸ்ட்ரால் மிக அதிகம். அடுத்த தடவை போனபோது டாக்டர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவர்கள் இருவருக்கும் எதிரே உட்கார்ந்துகொண்டார்.

“ஈறு நோய் முத்தினவங்களுக்கு ரத்தத்துல கெட்ட கொழுப்பும் அதிகமா இருக்குதுன்னு இப்பத்தான் சில பேர் ஆராய்ச்சி பண்ணி எழுதறாங்க. எது எதைக் கொண்டு வருதுன்னு இன்னும் யாருக்கும் உறுதியாத் தெரியாது. ஈறுல இருக்கிற கிருமி ரத்தத்துல கலக்குது. ஒடம்பு அதோட சண்டை போடுது. அந்தச் சண்டையில கொழுப்பு ஏறலாம். இல்ல, கொழுப்பு ஏறின ஒடம்பால ஈறைக் காப்பாத்த முடியாமப் போகலாம். உங்களுக்குப் பரம்பரையாவே கொழுப்பு இருக்கிற மாதிரித் தெரியுது. பல்லு இப்படி ஆனதும் அதைக் கூட்டியிருக்கும்.”

“அப்ப வாய் வழியா நெஞ்சுக்குப் போவுதா?” என்றார் சன்னாசி.

“போகலாம். நான் அடிச்சுச் சொல்ல முடியாது அங்கிள். ரெண்டையும் சேர்த்தே பார்ப்போம்.” பிறகு பஞ்சாலையைப் பார்த்தார். “மெல்ல முடியாதவர் என்ன சாப்பிடுறார் ஆன்ட்டி?”

பஞ்சாலை சொல்ல ஆரம்பித்தாள். முட்டை. கெட்டிப்பால் தேத்தண்ணி. தேங்காய்ப்பாலில் ஊறின ரொட்டி. பன்றிக்கறியைச் சொல்லும்போது, எதிரே இருப்பவரின் தலைமுக்காட்டைப் பார்த்துத் தயங்கி, கறியில் கொழுப்புப் பக்கம் என்று மட்டும் சொன்னாள். ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவள் குரல் இறங்கிக்கொண்டே போனது. டாக்டர் ஒன்றும் எழுதிக்கொள்ளவில்லை. அவள் கையைத் தொட்டு, “மெல்ல முடியாதவங்க எல்லாரும் இதைத்தான் சாப்பிடுவாங்க ஆன்ட்டி. நீங்க பாசமாத்தான் கொடுத்தீங்க” என்றார்.

“நெஞ்சுல எதாச்சும் பண்ணுதா அங்கிள்? வேலை செய்யும்போது?”

சன்னாசி பஞ்சாலையைப் பார்க்காமல் பதில் சொன்னார். “மேடு ஏறுனா இறுக்கிப் பிடிக்கும். நின்னா விட்டுரும். வாயுன்னு நெனச்சேன்.”

“எப்ப இருந்து?” என்று கேட்டவள் பஞ்சாலை. டாக்டர் கேட்க வேண்டிய கேள்வியை அவள் தமிழில் கேட்டாள். சன்னாசி துண்டை எடுத்து வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டார்.

சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஓடும் பெல்ட்டில் நடக்கவிட்டுப் பார்த்தார்கள். ரத்தக்குழாய் அடைப்பு இருக்கலாம் என்றார்கள். மாத்திரை கொடுத்தார்கள், நாக்குக்கு அடியில் வைக்க ஒரு மாத்திரையும் கொடுத்தார்கள், கோலாலம்பூரில் பெரிய சோதனைக்குப் பெயரைப் பதிந்துகொண்டு, கூப்பிடும் வரைக்கும் பாரமான வேலை கூடாது என்றார்கள்.

சன்னாசி அரிவாள் கம்பைக் கிடங்கில் கொண்டுபோய் வைத்தார். தோட்டத்து ஆபீஸ் கிராணி அவரைத் தண்ணீர் பம்ப் பார்க்கும் வேலைக்கு மாற்றினார். ஆற்றோரம் தகரக் கொட்டகை, ஒரு மிஷின், ஒரு ஸ்டூல். “குந்திக்கிட்டுச் சம்பளம் வாங்குறேன்” என்று சிரித்தார். ஆனால் அவர் வெட்டிய மலைச் சரிவுக்கு வேறு ஆள் போகும்போது அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க மாட்டார்.

சொன்னதெல்லாம் செய்தார். அதைத்தான் பஞ்சாலை பின்னால் எல்லாரிடமும் சொன்னாள். சுருட்டை விட்டார், கள்ளை விட்டார். காலையும் மாலையும் கண்ணாடி முன்னால் நின்று டாக்டர் காட்டிக்கொடுத்தபடி ஈறோரம் சின்னச் சின்னதாகத் தேய்த்தார். மாத்திரையை ஒருவேளைகூட விடவில்லை. கங்குங் கீரையைப் பொடியாக நறுக்கி மசித்துக் கொடுத்தாள், மீனை அவித்துக் கொடுத்தாள், தேங்காயை வீட்டுக்குள்ளேயே விடவில்லை. “ஆஸ்பத்திரிச் சாப்பாடு வீட்டுக்கே வந்துருச்சு” என்று முனகினாலும் இலையில் மிச்சம் வைக்க மாட்டார். ரெம்பாவுக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் டாக்டர் நோராய்னி வாயில் ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டு, ஈறுக்கு அடியில் கல்லாக இறுகிப்போயிருந்த அழுக்கைச் சுரண்டி எடுத்தார்.

முன்பற்களைக் காப்பாற்ற முடியாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். பிடுங்கி, புண் ஆறி, ஈறு வற்றிய பிறகுதான் செட்டுப் பல் வைக்க முடியும், அதற்குச் சில மாதமாகும். சன்னாசி கைகூப்பிக் கேட்டார். “மகளுக்குக் கல்யாணம் டாக்டர். அது வரைக்கும் இருக்கட்டும். பொக்கை வாயோட தாரை வாக்கக் கூடாது.”

வைகாசியில் தோட்டத்து மாரியம்மன் கோயில் மண்டபத்தில் கல்யாணம் நடந்தது. ஆடுகிற பற்களோடு அவர் மகளின் கையைப் பிடித்துக் கொடுத்தார். படம் எடுக்கிறவர் “சிரிங்கய்யா” என்றபோது கொஞ்சமாகச் சிரித்தார். தவமணி காரில் ஏறியதும் அவர் துண்டை எடுத்து, வாயை அல்ல, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கல்யாணம் முடிந்த பிறகு, இருதய டாக்டரையும் கேட்டுக்கொண்டு, ஆடிய பற்களைப் பிடுங்கினார்கள். உதடு உள்ளே போய் அவர் வேறு ஆள் மாதிரி ஆகிவிட்டார். கோயிலுக்குக்கூடப் போகவில்லை. பம்ப் கொட்டகையில் தனியாக இருப்பதே நல்லதாகப் போயிற்று என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நல்ல மழை. தகரத்தில் விழும் சத்தத்தில் வேறு எதுவும் கேட்கவில்லை. சாப்பிட்டுவிட்டு இருவரும் பாய் விரித்துப் படுத்திருந்தார்கள். பஞ்சாலை வழக்கம்போலச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். சன்னாசி ஏதோ சொன்னார், மழையில் காதில் விழவில்லை. “என்னா?” என்று திரும்பினாள். அவர் முகம் மிக அருகில் இருந்தது. அவர் மறுபடி சொன்னார். மாடு ஈனும் மாதத்தைப் பற்றி ஏதோ. அவள் அதைக் கேட்கவில்லை. அவர் மூச்சு அவள் முகத்தில் பட்டது. அதில் பற்பசை வாசமும் வெந்த கீரை வாசமும் மட்டுமே இருந்தன.

அவள் திரும்பியபடியே படுத்திருந்தாள். அவர் பேச்சை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார்.

“இப்ப இல்லதானே?” என்றார்.

“எது?”

“நீ எதுக்குச் சொவரப் பாத்துப் படுத்தேன்னு எனக்குத் தெரியும் பஞ்சாலை. மொத நாளே தெரியும்.”

 “ஏன் கேக்கல?” என்றாள்.

“கேட்டா நீ இல்லேன்னு சொல்லுவே. சொல்லிட்டு, என் பக்கம் திரும்பிப் படுப்பே. மூச்சப் புடிச்சிக்கிட்டுக் கெடப்பே. அது எதுக்கு?”

பஞ்சாலை அவர் கன்னத்தில் கை வைத்தாள். பல் போன இடத்தில் கன்னம் குழிந்து, அவள் விரல் நுனிகள் அதற்குள் பொருந்தின. மழை விடும் வரைக்கும் இருவரும் எழுந்திருக்கவில்லை. மாடு கத்தியது. கத்தட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

அதற்குப் பின்னால் வந்த மாதங்களைத்தான் அவள் தன் வாழ்க்கையில் நல்ல காலம் என்று சொல்வாள். அவர் ஆற்றிலிருந்து நேரத்தோடு வீடு திரும்பினார். வாசலில் உட்கார்ந்து ரேடியோ கேட்டார்கள். ஒருதரம் பஸ் ஏறி, இரண்டு பேர் மட்டுமாகச் சிரம்பான் போய்ச் சுற்றிவிட்டு வந்தார்கள். பொக்கை வாயைத் திறந்து அவர் அவளிடம் மட்டும் சிரித்தார்.

ரெம்பாவில் பல் செட்டுக்கு அளவெடுத்தார்கள். ரோஸ் நிறத்தில் மாவு மாதிரி எதையோ வாய் நிறைய அப்பி இறுக விட்டார்கள். “கூவே பலகாரம் திங்கிற மாதிரி இருந்துச்சு, இனிப்புத்தான் இல்ல” என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். தவமணியும் மாப்பிள்ளையும் தலைதீபாவளிக்கு வரும்போது பல்லோடு வாசலில் நின்று கூப்பிட வேண்டும் என்பது அவர் கணக்கு. டாக்டரும் அதற்கு முன்னால் தேதி கொடுத்தார்.

அந்தத் தேதி வரவில்லை. பஞ்சாலை செம்பனை மரத்தடியில் உதிரிப்பழம் பொறுக்கிக்கொண்டிருந்தாள். மண்டோர் மாயாண்டி மோட்டாரில் வந்து எஞ்சினை அணைக்காமல் நின்றார்.

“அக்கா, ஏறுங்க.”

“என்னா மாயாண்டி?”

“ஏறுங்கக்கா.”

கையில் இருந்த பழத்தைச் சாக்கில் போட்டுவிட்டுத்தான் அவள் ஏறினாள். ஏன் அதைப் போட்டோம் என்று பிறகு பல நாள் நினைத்தாள். பம்ப் கொட்டகையில் மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது. சன்னாசி ஸ்டூலில் இருந்து சரிந்து, தகரச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். திருநாவுக்கரசு முட்டி போட்டு அவர் பக்கத்தில் இருந்தார். மாத்திரைக் குப்பி சட்டைப் பையில் இருந்தது, மூடி திறந்திருந்தது. அவர் நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டாரா இல்லையா என்று யாருக்கும் தெரியவில்லை. கோலாலம்பூரிலிருந்து இன்னும் கூப்பிடவில்லை.

காரியமெல்லாம் முடிந்தது. தவமணி வந்து தங்கி அழுதுவிட்டு, கோலா பிலாவுக்குத் திரும்பிப் போனாள். தீபாவளி வந்து போனது. அந்த வருஷம் அவர்கள் வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்கவில்லை.

அதன் பிறகு ஒருநாள் பஞ்சாலை ரெம்பாவுக்குப் பஸ் ஏறினாள். சொல்லாமல் விடக்கூடாது என்று தோன்றியது. அவ்வளவு பாடுபட்ட பிள்ளை, இந்த மனுஷன் ஏன் வரவில்லை என்று நினைக்குமே. கிளினிக்கில் எண்ணுக்காகக் காத்திருந்து உள்ளே போனாள். டாக்டர் நோராய்னி அவளுடைய பொட்டில்லாத நெற்றியைப் பார்த்தார், பின்னால் யாராவது வருகிறார்களா என்று வாசலைப் பார்த்தார். பிறகு கையுறையைக் கழற்றிவிட்டு வந்து அவளைக் கட்டிக்கொண்டார்.

பல் செட்டு ஒரு சின்ன டப்பாவில் தயாராக இருந்தது. பார்க்கிறீர்களா என்று கேட்டார். பஞ்சாலை பார்த்தாள். அழகாக, வரிசையாக, வெள்ளை வெளேரென்று இருந்தது. அது அவர் பல் மாதிரியே இல்லை. டப்பாவை மூடித் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

“எல்லாம் சரியாத்தான் செஞ்சாரு டாக்டர். ஒண்ணு விடாமச் செஞ்சாரு.”

“தெரியும் ஆன்ட்டி. ஈறு அவ்வளவு நல்லா ஆறியிருந்துச்சு. ரெண்டாந்தடவை எடுத்த ரத்தத்துல கொழுப்புகூட இறங்கியிருந்துச்சு.” டாக்டர் டப்பாவை மேசை ஓரமாக வைத்தார். “ஆனா உள்ளுக்குள்ள அடைச்சது பல வருஷத்து அடைப்பு. நாம பிந்திட்டோம்.”

அவர் ‘நாம’ என்று சொன்னது பஞ்சாலைக்குத் தாங்க முடியாமல் இருந்தது. சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

“மகளுக்கு ரத்தம் பார்த்தாச்சா?” என்று டாக்டர் கேட்டார்.

பார்க்கவில்லை. டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார், அப்பாவுக்குக் கொழுப்பு இருந்தால் பிள்ளைக்கும் இருக்கலாம் என்று. கல்யாணம் முடியட்டும் என்று தள்ளி வைத்தார்கள், பிறகு தலைதீபாவளிக்கு வரும்போது பார்க்கலாம் என்றார்கள். பஞ்சாலை வீட்டுக்குத் திரும்பவில்லை. அங்கிருந்தபடியே கோலா பிலாவுக்குப் பஸ் பிடித்தாள்.

நல்லசாமி வீட்டில் மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் விஷயத்தைச் சொன்னதும் அவருக்குப் பிடிக்கவில்லை. “நல்லா இருக்கிற புள்ளய எதுக்கு சம்பந்தி ஆஸ்பத்திரிக்கு இழுக்குறீங்க? நாலு பேரு என்னான்னு கேப்பாங்கலா” என்றார்.

பஞ்சாலை அவர் முன்னால் அது வரைக்கும் நிமிர்ந்து பேசியதில்லை. “அண்ணே, அன்னைக்கிப் பந்தியில அவரு பல்ல முழுங்குனாரு. நீங்க வச்ச எலும்பக் கடிச்சுப் பல்லு விழுந்துச்சு, நீங்க என்னா நெனப்பீங்களோன்னு முழுங்குனாரு. அவரு அப்படியே எல்லாத்தையும் முழுங்கிட்டுப் போயிட்டாரு. எம்மகளுக்கு அது வேணாம்” என்றாள்.

நல்லசாமி எழுந்தார். பிறகு உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, காரை அவரே ஓட்டினார்.

தவமணிக்கும் கொழுப்பு இருந்தது. அப்பாவுக்கு இருந்த அளவு இல்லை, ஆனால் அந்த வயதில் இருக்கக்கூடாத அளவு. முடிவைக் கேட்க அம்மாவும் மகளும் ஆஸ்பத்திரிக்கு மறுபடி போனார்கள். டாக்டர் சொன்னதைக் கேட்டுவிட்டு, மருந்து வாங்கும் இடத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். எதிரே ஒரு சீனக் கிழவர் தூங்கிக்கொண்டிருந்தார். தவமணி மடியில் கைகளைக் கோத்து வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

“அம்மா, அப்பாவுக்கு வலிச்சிருக்குமா?”

இல்லை என்று சொல்லிவிடலாம். இழவுக்கு வந்த எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள், தூங்கின மாதிரிப் போயிட்டாருன்னு. பஞ்சாலை கொட்டகையில் பார்த்த முகத்தை நினைத்துப் பார்த்தாள்.

“தெரியலம்மா” என்றாள். “அவரு சொல்ல மாட்டாரு. நானும் பக்கத்துல இல்ல.”

தவமணி அவள் தோளில் சாய்ந்துகொண்டாள். பஞ்சாலை மகளின் தலையைத் தடவிக்கொடுத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, “நீ சொல்லணும். எங்க வலிச்சாலும் சொல்லணும். வாயி நாறுனாலும் சொல்லணும்” என்றாள். தவமணி அழுகைக்கு நடுவே தலையாட்டினாள். மருந்துக் கவுன்ட்டரில் இருந்த பையன் அவள் பெயரைத் தப்புத் தப்பாக வாசித்துக் கூப்பிட்டான். இருவரும் எழுந்து போனார்கள்.